கல்லணை முதல் கடைமடை வரை: எந்தக் கரையில் சைக்கிள் போகும், எந்தக் கரையில் நடக்கலாம்?

சக்கரக்கால் | மே 19

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் அடிக்கடி வருகிறவன் நான். வருவேன், கோயில் பார்ப்பேன், டிகிரி காபி குடிப்பேன், திரும்பிவிடுவேன். இத்தனை வருகையிலும் ஆற்றைப் பார்த்தது பாலத்தின் மேல் கார் ஓடும் அந்த அரை நிமிடம் மட்டும்தான். அதிலேயும் பாதி நேரம் பாலத்துக் கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும்.

இந்த முறை கல்லணையில் தொடங்கித் தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நான் சைக்கிளில் வருவேன். மனைவிக்குச் சைக்கிள் ஒத்துவராது, ஆனால் நடையில் என்னை மிஞ்சுவார். பகலில் அவரவர் வழி, மாலையில் ஓரிடத்தில் சந்திப்பு என்பது ஏற்பாடு. எந்த ஆற்றின் கரை இதற்குத் தோது? செல்பேசி வரைபடத்தில் கல்லணைக் கால்வாய் நெடுகிலும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதே, அது பாதையா அல்லது வெறும் கோடா? அடுத்த வாரமே கிளம்பலாமா?

வடவாற்றங்கரை | மே 19

தம்பி, அடுத்த வாரம் வந்தால் மணலைத்தான் பார்ப்பீர்கள். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினால் வழக்கப்படி ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் அதுவும் தள்ளிப்போகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். இங்கே பூவும் விதைநெல்லும் தூவி மதகைத் தூக்குவார்கள். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள். ஜூன் கடைசியில் வந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலில் குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும், கரையும் இன்னும் சேறாகியிருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் மண்கரையில் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியதுதான்.

அந்த மெல்லிய கோடு பாதைதான். பொதுப்பணித்துறை ஜீப் போவதற்காகப் போட்ட கரைப்பாதை. ஓரிடத்தில் தார், ஓரிடத்தில் கிராவல், ஓரிடத்தில் முழங்கால் உயரக் கோரை. வரைபடம் இதையெல்லாம் சொல்லாது.

ஓவர்சியர் (ஓய்வு) | மே 20

அம்மையார் சொன்ன காலக்கணக்கு சரி. நான் இடக்கணக்கைச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு போனால் வழியில் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கல்லணையில் நான்கு வழிகள் பிரிகின்றன. வடக்கே கொள்ளிடம், அது வெள்ளத்தை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகிற வழி. பாசனத்துக்குப் போவது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றும். கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறோம். மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு 1934-இல் தண்ணீர் விட்டது. நீளம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடி, ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கங்களைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது.

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வு. ஸ்ரீரங்கத்துத் தீவு முடிகிற இடத்தில் இரண்டும் நெருங்குகின்றன. தடுக்காவிட்டால் காவிரித் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் காய்ந்துவிடும். கல்லணையின் முதல் வேலை தேக்குவது அல்ல, இந்தச் சரிவை மறிப்பது. அணை என்றதும் மேட்டூர் மாதிரி உயரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதன் நீளத்தையும் வளைவையும்தான். ஆங்கிலேயர் எடுத்த அளவில் பழைய அணை 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம்.

கல்வெட்டுக் கிறுக்கன் | மே 20

ஐயா, பழைய அணை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. கரிகாலன் பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் வந்து பார்த்து, நம் உத்தியைக் கற்றுக்கொண்டு, தன் பெயரில் மூன்று அணை கட்டிக்கொண்டார். நாம் அவருக்கு மாலை போடுகிறோம்.

ஓவர்சியர் (ஓய்வு) | மே 21

தயக்கம் எதுவும் இல்லை. கரிகாலன் கட்டினான் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் செய்தி. நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் எழுத்துச் சான்று என்று வந்தால் நிதானமாகப் பேச வேண்டும். அவனைப் பாடும் பட்டினப்பாலை, காடழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டியதையும் சொல்கிறது, அணையைச் சொல்லவில்லை. காவிரியைக் கட்டுப்படுத்தியவன் என்று அவனைச் சொல்வது பின்னாளைய செப்பேடுகள். மலேபாடு செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, திருவாலங்காட்டுச் செப்பேடு அதற்கும் பிந்தையது.

காட்டன் கற்றுக்கொண்டார் என்பதும் உண்மை. அவரே அதை மறைக்கவில்லை. ஆற்று மணலில் கடைக்கால் ஆழமாகத் தோண்டாமல், கல்லைப் போட்டுப் புதையவிட்டு, அதன் மேல் கல்லும் களிமண்ணும் அடுக்கிய முறையை இங்கேதான் பார்த்தார். ஆனால் அவர் வந்த காலத்தில் இந்த அணைக்கு ஒரு நோய் இருந்தது. மேல்பக்கம் மணல் ஏறி ஏறி, காவிரிக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் அணையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள், மணலும் கூடவே உயர்ந்தது. 1830 வாக்கில் காட்டன் அணையிலேயே மணற்போக்கிகளை வைத்தார். பிறகு 1836 முதல் 1838-க்குள் மேலே முக்கொம்பில் ஓர் அணை, கீழே அணைக்கரையில் ஓர் அணை கட்டினார். முக்கொம்பில் அவர் காலத்துக் கட்டுமானத்தின் மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. இன்று கல்லணையில் நாம் பார்க்கும் காவிரி, வெண்ணாற்று மதகுகள் 1880-களின் வேலை. அதாவது அங்கே நிற்பது ஒருவர் கட்டியதல்ல. சைக்கிளில் வரும் தம்பிக்கு இது தெரிந்திருந்தால் எந்தக் கல் யாருடையது என்று தேடிப் பார்க்கலாம். உங்களைப் போலச் சண்டை போடவும் உதவும்.

கல்வெட்டுக் கிறுக்கன் | மே 21

செப்பேடு சொன்னதை ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

மலைக்கோட்டை நடையன் | மே 22

சைக்கிள்காரருக்கு ஒரு வழி. திருச்சியிலேயே தொடங்குங்கள். திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு, கவுத்தரசநல்லூர் வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலை காவிரியின் வடகரையை ஒட்டியே போகிறது. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழைத்தோட்டம், அதற்கு அப்பால் கொள்ளிடம். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் பஸ் தொந்தரவும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்; கல்லணைக்கு வரும் கூட்டம் அந்தச் சாலையில் சைக்கிள் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும்.

வாய்க்கால் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் உய்யக்கொண்டானையும் விட்டுவிடாதீர்கள். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து திருச்சி ஊருக்குள் புகுந்து வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை, 32,000 ஏக்கர் பாசனம் என்பார்கள். நகரத்துக்குள் அது படும் பாட்டைச் சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். ஆனால் மேற்கே, ஊர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் பகுதி நடப்பதற்கு அருமை.

சக்கரக்கால் | மே 22

எல்லோருக்கும் நன்றி. ஜூன் கடைசி என்று முடிவாகிவிட்டது. கல்லணை வரை வழியும் கிடைத்துவிட்டது. அதற்கப்பால்? காவிரியா, வெண்ணாறா, புது ஆறா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்க முடியுமா?

வடவாற்றங்கரை | மே 23

மூன்றையும் பார்க்கலாம். ஒரே ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடல் வரை போக வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். டெல்டாவில் ஆறு கிளைத்துக்கொண்டே போகும். நீங்களும் தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போனால் நன்றாக இருக்கும். ஆறு இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் இடத்தில் ஒரு நீரொழுங்கி இருக்கும், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பிள்ளையாரும் மரமும் டீக்கடையும் இருக்கும். ஓய்வெடுக்க இடம் தேட வேண்டியதே இல்லை.

கல்லணையிலிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி போங்கள். கோவிலடியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான் ஊரே. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து நடுக்காவேரி, திருப்பூந்துருத்தி, கண்டியூர் என்று வந்தால் திருவையாறு. கோயில் பார்க்காமல் போக வேண்டும் என்று நினைத்தாலும் இந்த வழியில் முடியாது. தடுக்கி விழுந்தால் பாடல் பெற்ற தலம்.

அடுத்து, உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு நடை. தஞ்சாவூர் கரந்தையிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர் அளவுதான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கிக் கரையில் சிறிது தூரம் போய்த் திரும்பிச் சாலைக்கு வரலாம். ஐந்துக்கும் ஐந்து முகம். வடவாறு தெருவோர வாய்க்கால் போல அடக்கமாகப் போகும். வெண்ணாறு அகலமாக, சத்தமில்லாமல் வேகமாகப் போகும். குடமுருட்டியில் படித்துறைக்குப் படித்துறை துணி துவைப்பார்கள். களைத்துவிட்டால் கையைக் காட்டினால் டவுன் பஸ் நிற்கும். திருவையாற்றில் புஷ்யமண்டபப் படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று வந்தால் இதே படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் கும்பிடுவார்கள், பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். நடக்கிறவருக்குக் கொண்டாட்டம், சைக்கிள்காரர் அன்று வண்டியை எங்காவது பூட்டிவிட்டு வர வேண்டும்.

ஓவர்சியர் (ஓய்வு) | மே 23

அம்மையார் தலைப்பு என்று சொன்னது மிகவும் சரி. தென்பெரம்பூரை விட்டுவிட்டாரே. வெண்ணாறும் வெட்டாறும் பிரியும் இடம். அதற்குக் கிழக்கே நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. இந்த இரண்டையும் பார்க்காமல் டெல்டாவைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது.

அங்கே போனால் ஷட்டர் மேல் நடைமேடையை ஒட்டி நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் மேலே மரை வெட்டிய நீண்ட கம்பி நிற்கும். அதில் பூசிய கிரீஸ் வெயிலில் கறுத்து, தூசி படிந்து, பாதி உயரம் வரை மட்டும் துடைத்தாற்போல் பளபளக்கும். கதவு வழக்கமாக எதுவரை ஏறி இறங்குகிறது என்பதை அந்தப் பளபளப்பே காட்டிவிடும். மதகை இயக்கும் ஊழியரான லஸ்கர் கைப்பிடியை மாட்டிச் சுற்றச் சுற்ற, கதவு விரல்கடை விரல்கடையாகத்தான் எழும். முதலில் தண்ணீர் வராது. அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கும், காலுக்குக் கீழே மேடை லேசாக அதிரும், அதன் பிறகுதான் கீழ்ப்பக்கம் நுரை பொங்கும். சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருக்கும். அந்தக் கோட்டில் அரை அடி கூடிக் குறைவதற்குத்தான் கீழே இரண்டு ஊர்க்காரர்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மேடையில் ஏறுவதற்கு முன் லஸ்கரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று பொறியாளரைவிடத் தெளிவாகச் சொல்வார்.

மலைக்கோட்டை நடையன் | மே 25

புது ஆற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. முன்பெல்லாம் பூதலூரில் ரயிலை விட்டு இறங்கிக் கல்லணைக் கால்வாய்க் கரையைப் பிடித்தால் தஞ்சாவூர் வரை தேக்கும் புங்கையும் நிழல் கொடுக்கும். இப்போது பல இடங்களில் கரையைச் சரித்து, கான்கிரீட் போட்டு, கழுவிவிட்ட தொட்டி மாதிரி ஆக்கிவிட்டார்கள். நாணல் இல்லை, மீன்கொத்தி இல்லை, இறங்கிக் கால் நனைக்க ஒரு சரிவு இல்லை. நடப்பதற்கு இனி அங்கே என்ன இருக்கிறது? சைக்கிள்காரர் வேண்டுமானால் வேகமாகப் போகலாம்.

கடைமடைக்காரன் | மே 25

இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

நான் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்தார்கள் என்று தொலைக்காட்சியில் பார்ப்போம். எங்கள் வாய்க்காலில் அது வந்து சேர்வதற்குள் மேல்மடைக்காரர் நாற்று நட்டு முடித்திருப்பார். சில ஆண்டு வந்தே சேராது. உங்கள் நாணலும் மீன்கொத்தியும் இருக்கும் மண்கரை வழியில் எவ்வளவு குடிக்கிறது, எத்தனை இடத்தில் உடைகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். நிழலில் நடப்பதற்காக யாரும் இந்தக் கால்வாயை வெட்டவில்லை. 2,27,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக வெட்டினார்கள். கரையைக் கட்டித் தண்ணீரை விரைவாக அனுப்பினால் எங்களுக்குச் சோறு. நிழல் வேண்டும் என்றால் குடை கொண்டுவாருங்கள் ஐயா.

மலைக்கோட்டை நடையன் | மே 25

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரம் வேண்டும் என்று சொன்னால் தண்ணீர் வேண்டாம் என்று பொருளா? கரை மேல் நின்ற மரம் எந்தத் தண்ணீரை மறித்தது?

வடவாற்றங்கரை | மே 26

சண்டையில் மேல்மடை ஆள் ஒருவர் வேண்டுமே, நான் வருகிறேன். எங்கள் உறவினருக்குப் பூதலூர்ப் பக்கம் நிலம். ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிறார்; கால்வாயில் தண்ணீர் ஓடினால் அதிலும் தண்ணீர் ஊறும். 2021-இல் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக் கடனில் புனரமைப்பு வேலை தொடங்கியபோது, பக்கச்சுவர் போடுங்கள், தரையில் கான்கிரீட் போடாதீர்கள் என்று தஞ்சாவூர் விவசாயிகள் போராடினார்கள். அவர்களும் விவசாயிகள்தான், நடைப்பயணிகள் அல்லர். தரையை மூடினால் மண்ணுக்குள் இறங்குவது நின்றுவிடும் என்பது அவர்கள் பயம். மண்ணுக்குள் இறங்குவதுதான் எங்களுக்கு வராத தண்ணீர் என்பது கடைமடைத் தம்பியின் கணக்கு. மேல்மடையில் ஊற்று என்று சொல்வதைக் கடைமடையில் கசிவு என்கிறார்கள்.

ஓவர்சியர் (ஓய்வு) | மே 26

இரண்டு கணக்கும் சரி, அதனால்தான் தீரவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன்: பக்கம் கட்டலாம், தரையை விட்டுவிட வேண்டும், மரத்தைக் கரையின் வெளிச்சரிவில் வைக்க வேண்டும். உள்சரிவில் மரம் வைத்தால் வேர் வழியாகக் கரை ஓட்டை விழும் என்று எந்தப் பழைய ஆளும் சொல்வார். மலைக்கோட்டையார் கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

புது ஆற்றில் இன்னொன்று பாருங்கள். அது பழைய டெல்டாவுக்கு வெளியே மேட்டு நிலத்தில் ஓடுகிறது. காட்டாறுகள் குறுக்கே வரும் இடங்களில் ஒன்றை ஒன்று தொடாமல் கடக்க வேண்டும். காட்டாற்றைக் கால்வாய்க்கு அடியில் குழாய் மாதிரிக் கொண்டுபோயிருப்பார்கள், கீழ்க்குமிழி என்போம். கரையில் போகிறவர் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுவார். ஓரமாக இறங்கிப் பார்த்தால் தலைக்கு மேலே ஒரு நீரோட்டம், காலடியில் ஒரு நீரோட்டம். மழைக்காலத்தில் இறங்காதீர்கள்.

கடைமடைக்காரன் | மே 27

ஓவர்சியர் ஐயா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மலைக்கோட்டையாரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சைக்கிள்காரருக்கு: ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நிலம் மாறிவிடும். செம்மண், நிலக்கடலை, தென்னை. தென்னை என்றதும் சோலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போனதற்குப் பிறகு வைத்த கன்றுகள் பல தோப்புகளில் இப்போதுதான் தலைதூக்குகின்றன. தண்ணீர்ப் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை நடையன் | மே 27

மனதில் எதுவும் இல்லை ஐயா. மரத்தை வெளிச்சரிவில் வைத்தால் எனக்கும் சம்மதம்.

சைக்கிள்காரருக்கு இன்னும் சில. கரையோரம் கருவேல முள் கொட்டிக் கிடக்கும். மெல்லிய டயர் ஒரு மணி நேரம் தாங்காது. தடித்த டயர், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் அவசியம். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காய வைத்திருப்பார்கள், அதன் மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் பரப்பிய இடம் இன்னும் மோசம். கியர் சைக்கிளின் பின்சக்கரப் பற்களில் ஒரு பிரி சுற்றிக்கொண்டால் செயினைக் கழற்றிக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

குளிக்க ஆசை வந்தால், உள்ளூர்க்காரர் குளிக்கும் படித்துறையில், அவர்கள் நிற்கும் ஆழத்தில் மட்டும் இறங்குங்கள். கல்லணையில் மதகுக்குக் கீழே சுழல் உண்டு. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

சக்கரக்கால் | மே 28

கேள்வி கேட்டது நான், கற்றுக்கொண்டது வீடு முழுவதும். மனைவி இழையை முழுவதும் படித்துவிட்டு, தனக்கு ஐந்து பாலத்து நடை மட்டும் போதாது, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பும் வேண்டும் என்கிறார்.

திட்டம் இப்படி: திருவானைக்காவலிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வரை சைக்கிள். அவர் அன்று கரந்தையிலிருந்து நடந்து திருவையாறு வருவார். தங்குவது தஞ்சாவூரில். மறுநாள் தென்பெரம்பூர், பிறகு நீடாமங்கலம். கடைசியாக நான் மட்டும் புது ஆற்றுக் கரையில் தெற்கே இறங்கி மும்பாலை வரை. பூம்புகாருக்கு முன்னால் மேலையூர்க் கதவணையில் காவிரி முடிவதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. அதை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளலாமா?

வடவாற்றங்கரை | மே 28

பங்குனியில் ஆற்றில் என்ன இருக்கும் தம்பி? மறுபடியும் முதல் பதிலைப் படியுங்கள். தை பிறந்ததும் வாருங்கள், ஜனவரி 28-க்குள்.

கடைமடைக்காரன் | மே 29

மும்பாலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கே எழுதுங்கள். தண்ணீர் விடும் முறை எங்கள் பக்கம் வந்திருந்தால் தண்ணீரோடு சேர்ந்தே வரலாம், சாப்பாடு எங்கள் வீட்டில். வரவில்லை என்றால் ஒரத்தநாட்டிலேயே திரும்பிவிடாதீர்கள். காய்ந்த வாய்க்காலையும் ஒரு முறை பாருங்கள். சைக்கிளை என் மினி லாரியில் ஏற்றிப் பேராவூரணி ஸ்டேஷனில் விட்டுவிடுகிறேன்.